பலகையின் வலது பாதி

ஸ்கார்ஹோல்ட் மாளிகை,
1829 பிப்ரவரி 9

டாமரிஸுக்கு,

நீ நல்ல உடல்நிலையில் இருப்பாய் என்று நம்புகிறேன். நீ என்னைப் பார்த்ததில்லை. நான் எவரார்ட் பிரபுவின் தங்கை. என் அண்ணன் சென்ற மாதம் சதுப்பில் வாத்து சுடப் போய் நனைந்து திரும்பினார். காய்ச்சல் கண்டு எட்டாம் நாள் இறந்துபோனார். அடக்கம் முடிந்துவிட்டது. சொல்லி அனுப்ப வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினோம்.

அவர் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன மரத்துண்டு கிடைத்தது. அதில் ஒரு நாரை தீட்டியிருந்தது. பின்பக்கம் 'டாமரிஸ், வயது 13' என்று எழுதியிருந்தது. கால் மடங்கும் இடத்தை நீ சரியாகப் பார்த்திருக்கிறாய். எங்கள் பக்கத்து ஊர் பாஸ்டனில் இருக்கும் ஓவியருக்குக்கூட அது வருவதில்லை.

எங்கள் குடும்பத்தில் தலைவர் இறந்தால் அவருடைய குலச்சின்னத்தைத் துக்கப் பலகையில் தீட்டி, மாளிகை முகப்பில் ஓராண்டு தொங்கவிடுவோம். ஆண்டு முடிந்ததும் அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய் மாட்டுவோம். பதினாறு தலைமுறைப் பலகைகள் அங்கே இருக்கின்றன. பதினேழாவதை நீ தீட்ட வேண்டும் என்பது என் ஆசை. வேறொருவர் கை அதில் படுவதை விட உன் கை படுவது அவருக்குப் பிடித்திருக்கும்.

வண்ணத் தொழில் செய்யும் உன் மாமாவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

லவீனியா ஹாக்ஸ்பி

*

ஸ்டாம்ஃபோர்ட்,
1829 பிப்ரவரி 14

மதிப்பிற்குரிய அம்மணிக்கு,

நாங்கள் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். தாங்களும் துக்கத்துக்கு நடுவில் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கடிதத்தை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் 'இறந்துபோனார்' வரைக்கும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அம்மா அப்போது அப்பாவின் சட்டைக் கழுத்துப் பட்டிகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். மார்ச்சில் வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். கடிதம் முடிந்த பிறகும் மீதி இரண்டு பட்டிகளுக்கும் கஞ்சி போட்டு முடித்தாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

அப்பா வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், வசந்தத்தில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை. அவரும் அம்மாவும் பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிப்போய் ஒரு சுங்கச்சாவடி வீட்டில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அங்கே பாதிரியார் வேண்டாமாம், சாட்சிகள் போதுமாம். அந்தத் தாளை அப்பா ஒரு சிவப்புத் தோல் பெட்டியில் வைத்திருந்தார். பெரியவர்கள் கோபம் ஆறட்டும், பிறகு எல்லாருக்கும் சொல்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அந்தத் தாளை அனுப்பிவைத்தால் நல்லது என்று அம்மா கேட்டுக்கொள்கிறாள். அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பலகையை நான் தீட்டுகிறேன். நான் பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், தப்பு இருந்தால் மன்னிக்க வேண்டும். ஜேபஸ் மாமாவுக்கு ஈய வெள்ளை வண்ணத்தின் விஷம் ஏறி ஏறி இரண்டு மணிக்கட்டும் தொங்கிவிட்டன. அவர் சொல்லச் சொல்ல நான்தான் கோச்சு வண்டிக் கதவுகளில் சின்னம் தீட்டுகிறேன். ஆட்கள் முன்னால் பேசச் சொன்னால்தான் எனக்கு வராது.

மாமா நலம். அம்மாவும் நலம், ஆனால் சாப்பிடவில்லை.

பணிவுடன்,
டாமரிஸ் ஹாக்ஸ்பி

*

ஸ்கார்ஹோல்ட் மாளிகை,
1829 பிப்ரவரி 19

டாமரிஸுக்கு,

நீயும் உன் மாமாவும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கே சதுப்பு உறைந்திருக்கிறது, எனக்கு லேசான இருமல்.

சிவப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தூண்டில் முட்களும் ஒரு உடைந்த கடிகாரமும்தான் இருந்தன.

பலகையை எங்கள் காரியஸ்தர் கிரேக் வண்டியில் கொண்டுவருவார். நீலக் கேடயம், அதில் மூன்று வெள்ளி நாரைகள், குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை. மேலே தலைக்கவசத்தின்மீது நிற்கும் நாரையின் அலகில் ஒரு விலாங்கு. கீழே நாடாவில் 'பிடித்ததை விடோம்' என்ற எங்கள் குலமொழி. விலாங்கை மட்டும் கவனமாகத் தீட்டு. நாரை அதை உயிரோடு விழுங்கும். தொண்டைக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் அது நெளியும். நாங்கள் சிறுவயதில் கரையில் நின்று பார்ப்போம், உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பலகையில் அது நெளிய வேண்டும்.

பின்னணி நிறம் முதலான பட்டறை விஷயங்களை நான் எழுதுவதில்லை. கிரேக் நேரில் சொல்வார், அவர் சொன்னபடி செய்.

லவீனியா ஹாக்ஸ்பி

*

ஸ்டாம்ஃபோர்ட்,
1829 மார்ச் 2

மதிப்பிற்குரிய அம்மணிக்கு,

உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். பூண்டைத் தேனில் ஊறவைத்துச் சாப்பிட்டால் கேட்கும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும், கேட்க வெட்கமாக இருக்கிறது.

மாமாவிடம் ஒரு பழைய மாதிரிப் புத்தகம் இருக்கிறது. துக்கப் பலகைக்கு அதில் ஒரே ஒரு பக்கம். கணவன் இறந்து மனைவி உயிரோடு இருந்தால் பின்னணியின் இடது பாதி கறுப்பு, வலது பாதி வெள்ளை. மனைவி இல்லாதவர் என்றால் முழுக்கக் கறுப்பு. அதைப் பார்த்து, வலது பாதிக்கு மூன்று பூச்சு ஈய வெள்ளை போட்டு, வண்டிக்கதவுக்குப் போடுகிற மாதிரி வார்னிஷும் போட்டுக் காயவைத்துவிட்டேன். நாரைகளும் முடிந்துவிட்டன. விலாங்கு நெளிகிறது.

நேற்று கிரேக் ஐயா பார்க்க வந்தார். பலகையைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா இது, பாதி மாவு மூட்டை மாதிரி இருக்கு? அந்தப் பக்கமும் கறுப்பா அடிச்சிடு."

மாமா புத்தகத்தை எடுத்துக் காட்டினார். கிரேக் ஐயா அதை வாங்கக்கூட இல்லை.

"ஜேபஸ், இது வண்டிக்காரங்களுக்குப் போட்ட புஸ்தகம். பிரபு வீட்டு வழக்கம் வேற. பதினாறு பலகையைக் கோயில்ல நான் தெனம் பாக்கறேன், நீ ஒண்ணாவது பாத்திருக்கியா?"

மாமா பார்த்ததில்லை. அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். கிரேக் ஐயா போகும்போது என்னிடம் மட்டும், "அம்மணி உன்னைக் குடும்பத்துப் பொண்ணாப் பாக்கறாங்க. வீட்டு வழக்கம் தெரியாதவன்னு பேர் எடுத்துடாத," என்று சொன்னார்.

பிரபு வீட்டு வழக்கம் அப்படித்தானா? நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்டியான வார்னிஷ்மேல் அப்படியே கறுப்பு அடித்தால் ஒட்டாது. கீழே உள்ளதை மரம் தெரிகிறவரைக்கும் சுரண்டி எடுக்க ஒரு வாரம் வேண்டும். அதற்கு நேரம் தருவீர்களா என்று தெரியவேண்டும்.

மாமா நலம். அம்மாவும் நலம்.

பணிவுடன்,
டாமரிஸ் ஹாக்ஸ்பி

*

ஸ்கார்ஹோல்ட் மாளிகை,
1829 மார்ச் 6

என் அன்பு டாமரிஸ்,

உன் கடிதம் வந்தது. பூண்டுக்கு நன்றி. இருமல் போய்விட்டது.

இத்துடன் ஒரு ஜோடி கறுப்புக் கையுறை அனுப்பியிருக்கிறேன். துக்க வீட்டில் நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் கொடுப்பது. உன் அளவு தெரியாததால் என் அளவில் வாங்கினேன். சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஹாக்ஸ்பி பெண்களுக்கெல்லாம் விரல் நீளம்.

அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பலகை ஏற வேண்டும். சுற்றுவட்டத்துப் பெரிய குடும்பங்களெல்லாம் வருகின்றன. அவர்களிடம், இதைத் தீட்டியது என் அண்ணன் மகள் என்று சொல்ல ஆசைப்படுகிறேன். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு வந்தால் பயனில்லை.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன்
லவீனியா அத்தை

*

ஸ்டாம்ஃபோர்ட்,
1829 மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலம் என்று அறிந்து எங்களுக்குச் சந்தோஷம். கையுறை சரியாக இருக்கிறது. இரண்டு நாள் கழற்றவே இல்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. தெரிந்த விஷயத்தை மறுபடி எழுதுவானேன் என்று விட்டுவிட்டீர்கள் என நினைத்துக்கொண்டேன். முழுக்கக் கறுப்பாகவே தீட்டிவிட்டேன். அதுவே சரி என்று எனக்கும் படுகிறது. வெள்ளையைச் சுரண்ட நேரம் இல்லை, அதன்மேலேயே அடித்திருக்கிறேன். இப்போது பார்க்க அழகாக இருக்கிறது. விளக்குக் கரியை ஆளிவிதை எண்ணெயில் நன்றாக அரைத்தேன், நாரைகள் அந்தக் கறுப்புக்கு முன்னால் எழுந்து பறக்கிற மாதிரி தெரிகின்றன.

அம்மாவுக்குக் காட்டவில்லை. துணி போட்டு மூடி, வண்டிக்கதவு என்று சொல்லி வைத்திருந்தேன். முடித்தது தெரிந்தால் அழுவாள் என்று பயம். கிரேக் ஐயா வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது மாமா உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பலகை ஏறும்போது நானும் வரலாமா? ஓரமாக நிற்பேன்.

அம்மா நலம். மாமா நலம்.

உங்கள் அண்ணன் மகள்,
டாமரிஸ்

*

ஸ்டாம்ஃபோர்ட்,
1829 ஏப்ரல் 27

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. மார்ச்சிலும் இந்த மாதத் தொடக்கத்திலும் எழுதினேன். பதில் இல்லை.

போன வாரம் ஒரு வக்கீல் தன் வண்டியை வண்ணம் அடிக்கக் கொடுக்க மாமாவின் பட்டறைக்கு வந்தார். பேச்சுவாக்கில் அவர்தான் சொன்னார். எவரார்ட் பிரபுவின் பட்டம் மகன்களுக்கு மட்டும் போகிற பட்டம் இல்லையாம். மகன் இல்லாவிட்டால் மகளுக்குப் போகுமாம். முறைப்படி பிறந்த மகள் இல்லாவிட்டால் தங்கைக்குப் போகுமாம். நீங்கள் அதைக் கேட்டு பிரபுக்கள் சபைக்கு மனு போட்டிருக்கிறீர்களாம். இறந்தவர் கல்யாணமே ஆகாதவர் என்று மனுவில் இருக்கிறதாம்.

வக்கீல் எங்களுக்காகவும் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா கைநாட்டு வைத்தாள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தை. எனக்குப் பட்டம் வேண்டாம். மாளிகை, நிலம், மீன்பிடி உரிமை எல்லாம் உங்களுக்கே இருக்கட்டும், அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்கு நிற்கவே தெரியாது, நான் எப்படிப் பிரபு ஆவேன்? 'ரூத் என் அண்ணனின் மனைவி' என்று ஒரு வரி நீங்கள் எழுதித் தந்தால் போதும், மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். துக்க உடை போட்டுக்கொண்டு அம்மா கோயிலுக்குப் போனபோது, "யாருக்குடி துக்கம் காக்கறே?" என்று ஒருத்தி கேட்டாள். அம்மா திரும்பி வந்துவிட்டாள். அந்த ஒரு வரி இருந்தால் போவாள்.

பலகை நன்றாக இருக்கிறதா?

டாமரிஸ்

*

ஸ்டாம்ஃபோர்ட்,
1829 ஜூலை 8

லவீனியா அம்மணிக்கு,

லண்டனிலிருந்து நல்லபடியாக ஊர் திரும்பியிருப்பீர்கள். நாங்களும் திரும்பிவிட்டோம்.

சபையில் நீங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தீர்கள். அப்பாவின் மூக்கு உங்களுக்கு, அதனால் யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன். நான் போட்டிருந்த கையுறையை நீங்களும் பார்த்தீர்கள்.

அம்மா சொன்னதை அவர்கள் பாதி நம்பின மாதிரிதான் இருந்தது. சுங்கச்சாவடிக்காரர் மனைவி ஒரு சாட்சி, ஒரு செருப்புத் தைப்பவர் இன்னொரு சாட்சி என்று அம்மா சொன்னாள். இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. செருப்புத் தைப்பவர் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டார்கள், போட்டார் என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பிறகு உங்கள் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். பலகையின் நகலை ஒருவர் தூக்கிப் பிடித்தார்.

"இது நீ தீட்டினதாம்மா?"

"ஆமாங்க."

"உங்க அப்பாவுக்கு?"

"ஆமாங்க."

"முழுக்கக் கறுப்புன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

மெதுவாகச் சொன்னேன். இன்னும் சத்தமாகச் சொல்லும்படி கேட்டார். மனைவி இல்லாதவர் என்று அர்த்தம் எனப் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிரபு வீட்டு வழக்கம் வேறு என்று கிரேக் ஐயா சொன்னதைச் சொன்னேன். கிரேக் ஐயா எழுந்து, "வெள்ளை அடிச்சு வெச்சிருந்துச்சுங்க. அந்தப் பொண்ணேதான் அப்புறம் யோசிச்சுக் கறுப்பாக்கிடுச்சு," என்று பைபிள்மேல் கைவைத்துச் சொன்னார். என்னுடைய மார்ச் 12 கடிதத்தைப் படித்தார்கள். 'முழுக்கக் கறுப்பாகவே தீட்டிவிட்டேன். அதுவே சரி என்று எனக்கும் படுகிறது.' அந்த இரண்டு வரி மட்டும். மார்ச் 2 அன்று நான் கேட்டு எழுதிய கடிதத்தைப் பற்றி எங்கள் வக்கீல் கேட்டபோது, அப்படி ஒரு கடிதம் தங்களுக்கு வரவே இல்லை என்று நீங்கள் எழுந்து நின்று சொன்னீர்கள். பூண்டுக்கு நன்றி சொல்லி நீங்கள் எழுதியதைக் காட்டினோம், அதில் நிறத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்று தள்ளிவிட்டார்கள்.

பெற்ற மகளே தன் தகப்பனை மனைவியில்லாதவர் என்று ஊர் பார்க்கத் தீட்டிக் கொடுத்த பிறகு இந்தச் சபை தெரிந்துகொள்ள என்ன மிச்சம் இருக்கிறது என்று உங்கள் வக்கீல் கேட்டார். அதற்குப் பிறகு தீர்ப்பு உங்கள் பக்கம் வர ரொம்ப நேரம் ஆகவில்லை.

அம்மா அந்தப் பலகையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். ஊருக்கு இரண்டு நாள் கோச்சுப் பயணம். ஊர் எல்லைக்கு வந்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் உயிரோடதானேடி இருக்கேன்?"

அப்போதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எனக்கு ரொட்டி வெட்டி வைப்பதும் இல்லை.

கையுறையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

டாமரிஸ்

*

ஸ்கார்ஹோல்ட் மாளிகை,
1829 ஆகஸ்ட் 3

டாமரிஸ் பென்ஃபோல்டுக்கு,

நீ சுகம் என்று எண்ணுகிறேன். பெயரைக் கவனித்திருப்பாய். இனி அதுதான் உன் பெயர், உன் தாய் பிறந்த வீட்டுப் பெயர். பழகிக்கொள்.

கையுறை வந்தது. வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தில் குறைபட்டுக்கொள்ளும் தொனி இருந்தது. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் எழுதிய கடிதங்களைத் திரும்பப் படித்துப் பார், எதையாவது கறுப்பாக்கு என்று ஒரு சொல் இருந்தால் காட்டு. பதினாறு தலைமுறை இரத்தம் பெயருக்குப் பதிலாகச் செருப்புப் படம் வரைந்துவைக்கிற சாட்சிகளை நம்பி ஓட முடியாது. சபை அதைத்தான் சொன்னது, ஸ்கார்ஹோல்ட் பட்டமும் இனி என் பெயரோடு வரும்.

கோபத்தில் ஏதும் எழுதவில்லை. உன் கையில் திறமை இருக்கிறது, வண்டிக்கதவுகளுக்கு அது போதும். ஸ்டாம்ஃபோர்ட் கோயில் பதிவேட்டில் 'ரூத் ஹாக்ஸ்பி' என்று எங்காவது எழுதியிருந்தால் அடித்துவிடும்படி பாதிரியாருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

லவீனியா ஸ்கார்ஹோல்ட்

*

ஸ்கார்ஹோல்ட் மாளிகை,
1830 பிப்ரவரி 4

என் அன்பு டாமரிஸ்,

இந்தக் கடுங்குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்று அடிக்கடி நினைக்கிறேன். மாமாவின் கைகள் தேவலையா? எனக்கு மறுபடி இருமல், இரவெல்லாம் தூக்கமில்லை.

பலகையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இலையுதிர்கால மழையில் வலது பாதியில் கறுப்பு கொப்பளித்தது. டிசம்பர் உறைபனியில் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. இப்போது அந்தப் பாதி முழுவதும் வெள்ளை. இடது பாதிக் கறுப்பு நகம் அளவுக்குக்கூட உரியவில்லை. குத்தகைக்காரர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். கூடைக்காரி ஒருத்தி கிரேக்கிடம், "பிரபு சம்சாரம் எங்க இருக்காங்க ஐயா, பாத்து ஒரு வணக்கம் சொல்லணும்," என்று கேட்டாளாம். அவளை விரட்டிவிட்டோம். ஆனால் பக்கத்து மாளிகை அம்மணியும் விருந்தில் அதையே கேட்டாள், நல்ல ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. அவளை விரட்ட முடியாது.

மார்ச் இருபதாம் தேதி பலகையைக் கோயிலுக்கு எடுத்துப் போகிறோம். சுற்றுவட்டம் முழுவதும் வரும். பேராயரும் வருகிறார். கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினால் ஏன் என்று கேட்பார்கள். பாஸ்டன் ஓவியரை வரவழைத்தேன். மேலே எதை அடித்தாலும் நிற்காது, மரம்வரைக்கும் சுரண்டினால் நாரைகளும் போய்விடும், தீட்டிய கையால்தான் முடியும் என்கிறார்.

நீ வந்து சரிசெய்து கொடு. வண்டி அனுப்புகிறேன். மாளிகையில் என் பக்கத்து அறையிலேயே தங்கலாம். இருபதாம் தேதி ஊர்வலத்தில் என் பின்னால் நடக்கலாம், ஹாக்ஸ்பி என்ற பெயரோடு. பதிவேடு விஷயமாகவும் பாதிரியாருக்கு மறுபடி எழுதலாம், அது பிறகு பேசிக்கொள்வோம்.

உன் அம்மா எப்படி இருக்கிறார்? இந்தக் குளிர் நிறையப் பேருக்கு நெஞ்சில் சளி கட்டச் செய்திருக்கிறது. அவருக்கு ஏதாவது நோய் என்றால் மறைக்காமல் எழுது. அவர் இல்லாமல் போனால் அந்தப் பாதியைக் கறுப்பாக்குவதில் யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது அல்லவா.

உன்
லவீனியா அத்தை

*

ஸ்டாம்ஃபோர்ட்,
1830 பிப்ரவரி 13

அத்தைக்கு,

உங்கள் இருமலுக்குப் பூண்டும் தேனும் இத்துடன் வருகிறது.

கடிதம் வந்த மறுநாள் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். செருப்புப் படம் என்று ஆகஸ்டில் எழுதியிருந்தீர்களே, அதையும் சேர்த்துப் படித்தேன். அம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, "அந்த ஆளுக்கு எழுதத் தெரியாது. பேருக்குப் பதிலா ஒரு சின்னச் செருப்பு வரைஞ்சான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, உங்கப்பாவுக்கும்தான். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே," என்றாள். சபையிலும் சொல்லவில்லை. அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். சிவப்புப் பெட்டியில் தூண்டில் முட்கள் இருந்ததாக எழுதியிருந்தீர்கள்.

வக்கீலிடம் காட்டினேன். காணாமல் போன தாளைப் பற்றிய ஒரு வரியை வைத்துச் சபை கொடுத்த தீர்ப்பை மாற்ற முடியாது என்றார். சரி என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடிதம் பத்திரமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அம்மாவும் நானும் சுமைவண்டியில் ஸ்கார்ஹோல்ட் வந்தோம். நீங்கள் மாடியில் இருந்தீர்கள், திரைச்சீலை அசைந்தது. அம்மா துக்க உடையில் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிரேக் ஐயா ஓடிவந்தார்.

"இங்க என்ன வேலை உங்களுக்கு?"

"என் வீட்டுக்காரர் பலகையைப் பாக்க வந்தேன்."

"பாத்தாச்சில்ல? கெளம்புங்க."

"இருய்யா. என் பக்கம்தான் பாத்திருக்கேன். அவர் பக்கம் இன்னும் பாக்கலை."

ரோட்டில் போன இரண்டு பேர் அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்கும் சேர்த்து ரொட்டி வெட்டினாள்.

நான் வர முடியாது. கெட்டி வார்னிஷ்மேல் அடித்த கறுப்பு ஒட்டாது, சுரண்ட ஒரு வாரம் கொடுங்கள் என்று மார்ச் 2-ஆம் தேதி எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் உங்களுக்கு வரவில்லை என்று சபையில் சொன்னீர்கள். வந்திருந்தால் தெரிந்திருக்கும். ஈய வெள்ளையும் உங்கள் குலத்தைப் போலத்தான், பிடித்ததை விடாது. இனி கோயிலுக்குள் மழையோ பனியோ படாது, அதனால் அந்த வெள்ளை நூறு வருஷம் நிற்கும் என்று மாமா சொல்கிறார்.

அம்மா இல்லாமல் போன பிறகு கேளுங்கள், கறுப்பு அடித்துத் தருகிறேன். அம்மாவுக்கு முப்பத்தாறு வயதுதான் ஆகிறது. உங்களுக்கு ஐம்பத்திரண்டு என்று மனுவில் பார்த்தேன்.

நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களில் அம்மாவைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. இப்போதுதான் முதல்முதலாகக் கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா நலமாக இருக்கிறாள்.

டாமரிஸ் ஹாக்ஸ்பி